படுத்துறவரு

ராயபுரத்தில் தொடங்கி அத்திப்பட்டு வரைக்கும், பார்த்துக்கொள்ள ஆளில்லாத பெரியவர்களைத் தங்கவைக்கும் சின்னச் சின்ன இல்லங்கள் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனை இல்லத்துக் கட்டில்களிலும் படுத்து எழுந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அங்கே தங்கியிருந்தவர் இல்லை. அந்த இல்லங்களுக்கு உரிமம் கொடுக்கலாமா வேண்டாமா என்று நேரில் பார்த்து எழுத வேண்டிய ஆய்வு அலுவலர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் எங்கள் அலுவலக வாட்ச்மேனே கைவிரித்துவிடுவார். இல்லம் நடத்துகிறவர்கள் தங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். எங்கள் ஆய்வு சொல்லாமல் கொள்ளாமல் போகிற திடீர் ஆய்வு. ஆனால் நாங்கள் வாசலில் வண்டியைக் கிளப்புவதற்குள் குழுவில் செய்தி போய்விடும்: ‘படுத்துறவரு கிளம்பிட்டாரு.’ முதலில் ‘படுத்துக்கிறவரு’ என்றுதான் பெயர் வைத்தார்களாம். நாலைந்து ஆய்வுகள் முடிந்ததும் நடுவிலிருந்த எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. அந்த அளவுக்கு அவர்களை அவர் படுத்தியிருந்தார்.

செய்தி அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். என்னையும் அவரையும் கழித்தால் ஏழு. அந்த ஏழு பேர் மேலும் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

நான் அங்கே ஒப்பந்தத்தில் கணினி வேலை பார்த்தேன். ஆய்வு அலுவலர் இல்லத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்பிக் கொண்டுவருவார். நான் அதை அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஐம்பத்தேழு கேள்விகள். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. கட்டில் உள்ளதா? கழிவறை உள்ளதா? தீயணைப்புக் கருவி உள்ளதா? இவருக்கு முன்னால் இருந்த அலுவலர் வெறும் படிவத்தில் கையெழுத்தைப் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டு, “எல்லாம் ஆம் போட்டுடும்மா” என்று டீ குடிக்கப் போய்விடுவார். மூன்று வருடம் நான் ஆம் போட்டேன். விரல் தேயத் தேய ஆம். ஒரு கட்டிலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இவர் மாற்றலாகி வந்த முதல் நாள், பழைய படிவங்களைப் புரட்டிவிட்டு என் மேஜைக்கு வந்தார். பெரிய தொந்தி, மடக்கினால் லேசில் நிமிராத வலது முட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா.

“ஏம்மா, இந்த ஆம் எல்லாம் யாரு போட்டது?”

“நான்தான் சார்.”

“நீ போய்ப் பாத்தியா?”

“இல்ல சார்.”

“அப்ப இன்னா ஆம்? நாளைலேர்ந்து என்கூட வா. பாத்துட்டு போடு.”

எனக்கு எரிச்சலான எரிச்சல். எம்.கே.பி. நகரில் வீடு, பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள், வீட்டில் சமையல், இதில் இவர் பின்னால் ஊர் சுற்ற வேண்டுமாம். போதாக்குறைக்கு அந்த வருடம் இணையதளத்தில் ஒரு புது நிபந்தனை வேறு. அலுவலர்கள் போகாமலே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று மேலே யாருக்கோ சந்தேகம் வந்துவிட்டது. அதனால் அலுவலர் இல்லத்துக்குள் இருக்கும் புகைப்படம் கட்டாயம். எடுத்த நேரமும் இடமும் படத்திலேயே பதிந்திருக்க வேண்டும். படம் எடுக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவருடைய பழைய ஸ்கூட்டர் முன்னால் போகும். பின்னால் என் வண்டி.

முதல் ஆய்வு ராயபுரத்தில். உரிமையாளர் சால்வை, பழத்தட்டு சகிதம் வாசலிலேயே நின்றிருந்தார். இவர் சால்வையைத் தோளோடு ஒதுக்கிவிட்டு நேராக உள்ளே போனார். ஷூவைக் கழற்றினார். மூன்றாவது கட்டிலில் ஏறி மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. உரிமையாளருக்கு வேர்த்துவிட்டது.

“மேடம், சாருக்கு நெஞ்சு வலியா? ஆம்புலன்ஸ் கூப்புடட்டா?”

எனக்கும் அதே சந்தேகம்தான். சரியாகப் பத்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

“ஃபேன் காத்து இங்க வர்ல. அது நடுவுல சொம்மா சுத்திகினு கீது. அப்புறம், இந்த பெட்ஷீட்டு காலைல பாக்கெட்டுலேர்ந்து வந்தது. மடிப்பு இன்னும் முதுவுல குத்துது. பழசு எங்க?”

பழசு மாடிப்படிக்கு அடியில் குவிந்து கிடந்தது. அதன் நாற்றத்தை வாரப்பத்திரிகையில் எழுத முடியாது.

போகப்போக அவருடைய மற்ற வழக்கங்களும் தெரிந்தன. உரிமையாளர் வரவழைக்கும் பிரியாணியைத் தொட மாட்டார். தங்கியிருப்பவர்களின் தட்டில் என்ன விழுகிறதோ அதை அவர்கள் பக்கத்தில் குந்திச் சாப்பிடுவார். மருந்துச் சீட்டைப் படிக்கச் சொல்லி உரிமையாளருக்கே பரீட்சை வைப்பார். தீயணைப்புக் கருவியின் அடிப்பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைப்பார். ஒருநாள் காலையில் திருவொற்றியூரில் கோடு போட்ட சிவப்பு உருளை, மதியம் எண்ணூரில் வேறொரு இல்லத்தின் சுவரில் தொங்கியது. எங்களுக்கு முன்னாலேயே ஆட்டோ பிடித்து வந்திருக்கிறது. இவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு அதனிடமே கேட்டார்.

“இன்னா மாமு, நமக்கு முந்தி வன்ட்டியா? டிராஃபிக் எப்டி கீது?”

அந்த உரிமையாளர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். உடனே இவர் முகம் மாறிவிட்டது. “சிரிக்காத. உள்ள பதினாலு பேரு கீறாங்க. பாதிப் பேருக்கு நடக்க முடியாது. நெருப்பு புட்சிகினா ஆட்டோவ அனுப்பி இத்த வாங்கினு வருவியா?”

கெட்டவர்களைத் திட்டுவது நியாயம். ஆனால் அவர் நல்லவர்களை இன்னும் மோசமாகத் திட்டினார். விம்கோ நகரில் காசியம்மா என்று ஒருவர். கடலுக்குப் போன கணவர் இறந்த பிறகு மீன் வியாபாரம் செய்தவர். வீதியில் கிடந்த ஒருவரை வீட்டில் கொண்டுவந்து வைத்ததில் தொடங்கி, நாங்கள் போனபோது பதினோரு ஆண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப் குழுவில் அவர் இல்லை. எங்களைப் பார்த்ததும், “வாங்க, சாப்ட்டு பேசலாம்” என்றார். இவர் கட்டிலில் படுத்தார், எழுந்தார், மீன் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த ஒரு இடத்திலாவது நிம்மதியாக ஆம் போடலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் கழிவறைக்குப் போனார்.

ஐந்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து ஒரு முழக்கம்.

“யம்மாடி! குந்திட்டேன்! எய்ந்துக்க முடில! கதவ தள்ளுங்க!”

தங்கியிருந்தவர்களில் இரண்டு பேரும் காசியம்மாவும் நானும் சேர்ந்து இழுத்துத்தான் அவரை வெளியே கொண்டுவந்தோம். பேன்ட் எல்லாம் ஈரம். நின்ற இடத்திலிருந்தே ஆரம்பித்தார்.

“இன்னாம்மா இது? புட்சிக்க ஒரு கம்பி இல்ல. தரையெல்லாம் பாசி!”

“சார், இவங்கள நா எம் புள்ளைங்க மாரி பாத்துகினு கீறேன் சார்.”

“கீழ பாசி, வாய்ல பாசமா? வயுக்கி வுய்ந்தா உன் பாசத்தயா புட்சிகினு எய்ந்திருப்பான்? இடுப்பு ஒட்ஞ்சா அவன் கதி இன்னா?”

காசியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வெளியே வந்ததும் அவரிடம் சண்டை போட்டேன். “மாடிப்படிக்கு அடியில மூத்திரத் துணிய வெச்சிருந்தவனக்கூட நீங்க இப்படிப் பேசல சார். சோறு போட்ட அம்மாவப் போய்…”

அவர் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டபடியே சொன்னார். “நல்லவங்கள திட்னா அடுத்த வாரம் கம்பி வெப்பாங்க. கெட்டவன திட்னா சால்வை போத்துவான். நா இன்னா பண்ணட்டும்?”

அடுத்த வாரம் காசியம்மா கம்பி வைத்தார். இவர் தனியாகப் போய், அதில் தொந்தியோடு தொங்கிப் பார்த்துவிட்டு வந்துதான் ‘ஆம்’ போடச் சொன்னார்.

இப்போது அத்திப்பட்டு. இதைச் சிரிக்கச் சிரிக்க எழுத முடியுமா என்று தெரியவில்லை.

அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு அறக்கட்டளை நடத்திய இல்லம் அது. பளபளவென்று டைல்ஸ். நாலு மூலையிலும் கேமரா. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு மேலாளர், ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு நிறத்தில் சீட்டு ஒட்டிய கோப்பை நீட்டினார். நிலக்கரிச் சாம்பல் பறந்து வருகிறது என்று ஜன்னல்களை எல்லாம் மூடி வைத்திருந்தார்கள். மனநலம் பாதிக்கப்பட்டவர்களும் வயதானவர்களுமாக இருபத்திரண்டு பேர், தலைக்கு எண்ணெய் வைத்து, ஒரே மாதிரி முழுக்கைச் சட்டை போட்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் மனசுக்குள் கடகடவென்று ஐம்பது கேள்விக்கு ஆம் போட்டுவிட்டேன்.

இவர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தார். அடுத்த கட்டிலின் விளிம்பில் செல்வராஜ் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். துறைமுகத்தில் லாரிகளில் சரக்கு கட்டுகிற வேலையில் இருந்தவர் என்று கோப்பில் எழுதியிருந்தது.

படுத்துக் கொஞ்ச நேரத்தில் இவருடைய வலது கை கட்டில் ஓரமாகத் தொங்கியது. தொங்கிய கை எதையோ தடவியது. திரும்பத் தடவியது. கண்ணைத் திறக்காமலே என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இந்த எடத்த தொட்டுப் பாரு.”

பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கட்டில். புத்தம் புதுசு. அந்த ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் வளையமாகத் தேய்ந்து இரும்பு மின்னியது. இடது பக்கமும் அதே போல. கால் பக்கம் இரண்டு. நான் அடுத்த கட்டிலைப் பார்த்தேன். அங்கேயும் நாலு. அதற்கடுத்ததிலும் நாலு. சென்னை வெயிலில் எல்லோருக்கும் எதற்கு முழுக்கைச் சட்டை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நைனா, கைய காட்டு” என்றார் செல்வராஜிடம்.

செல்வராஜ் மேலாளரைப் பார்த்தார். கையைக் காட்டவில்லை.

மேலாளர் முந்திக்கொண்டார். “எல்லாரையும் இல்ல சார். ஓடிப்போறவங்க, தொல்லை பண்றவங்கள மட்டும்தான். அவங்க சேஃப்டிக்குத்தான் சார். ரிஜிஸ்டர் எல்லாம் கரெக்டா இருக்கு.”

முப்பத்தோராவது கேள்வி: ‘தங்கியிருப்போர் வெளியேறாமல் இருக்கப் பாதுகாப்பு ஏற்பாடு உள்ளதா?’ போன வருடம் இந்த இல்லத்துக்கு அதில் ஆம் போட்டது யார்? நான். டேபிள் ஃபேன் காற்று வாங்கிக்கொண்டு, முறுக்கு தின்றுகொண்டு.

இவர் கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. அவருடைய சாதாரணக் கோபம் ராயபுரத்துத் தமிழில் வரும். நிஜமான கோபம் வந்தால் அரசாணைத் தமிழாகிவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“எவ்வளவு நேரம் கட்டி வைப்பீர்கள்?”

“கொஞ்ச நேரம்தான் சார். காலைல டிபன் முடிஞ்சதுலேர்ந்து மதியச் சாப்பாடு வரைக்கும்.”

“நல்லது. என்னையும் கட்டுங்கள்.”

மேலாளர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. “இது ஆய்வின் ஒரு பகுதி. மறுத்தால், ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவேன். துணியை எடுத்து வாருங்கள்.”

துணி தேட வேண்டியிருக்கவில்லை. அலமாரிக்குள் பழைய வேட்டியைக் கிழித்து, வார் வாராக மடித்து அடுக்கியிருந்தார்கள். மேலாளர் இரண்டு கை, இரண்டு கால் கட்டினார். முடிச்சைக் கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டாத இடத்தில் போட்டார். அது பழகிய கை. பிறகு அறக்கட்டளைத் தலைவருக்குப் போன் பேச வேண்டும் என்று வாசலுக்கு ஓடிவிட்டார். மணி பத்தரை.

“போட்டோ எடுத்துக்கம்மா.”

“இப்படியேவா சார்?”

“எப்டி கீறனோ அப்டி.”

எடுத்தேன்.

பதினோரு மணிக்கு அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. நான் எடுத்து அவர் காதில் வைத்தேன். எங்கள் மேலதிகாரி. மீட்டிங் ஆரம்பித்துவிட்டதாம், எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

“அத்திப்பட்டுல சார். கட்டிகினு கீறாங்க.”

“என்ன கட்டறாங்க? பில்டிங்கா? பிளான் அப்ரூவல் இருக்கா கேளுங்க!”

“பில்டிங் இல்ல சார். என்னைத்தான்.”

லைன் அறுந்துவிட்டது.

ஒரு ஈ வந்து அவர் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. அவர் உதட்டைக் கோணினார், தும்மிப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஈ ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்தது. நான் கையால் ஓட்டினேன். “வுடு! இவங்களுக்கு யாரு ஓட்டுவாங்க?” என்று என் மேல் விழுந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு ஈயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஈ மேல்கூட எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு அவர் குரல் கொடுத்தார். “யாராச்சும் கீறீங்களா? ஒண்ணுக்கு போவணும்!”

யாரும் வரவில்லை. பதிவேட்டில் ஆறு பணியாளர்கள். நான் தேடிக்கொண்டு போனபோது இருந்தது ஒரே ஒரு அம்மா; சமையலறையில் தனியாக இருபத்திரண்டு பேருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“மேனேஜர் சொல்லாம நா அவுக்கக் கூடாது மேடம். போன தபா ஒர்த்தரு அயுதாருன்னு அவுத்து வுட்டேன். வேலைய வுட்டு தூக்கிடுவேன்னாரு.”

மேலாளர் கேட்டுக்கு வெளியே போனில் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். என் கூப்பாடு அவர் காதில் விழவில்லை. விழுந்தும் திரும்பவில்லையோ என்னவோ. நான் உள்ளே வந்து, “போதும் சார், நானே அவிழ்த்து விடுறேன்” என்று குனிந்தேன்.

“தொட்ட, உன் மேலயும் எய்துவேன்.”

அவர் நெற்றியெல்லாம் வேர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அவர் பேன்ட் நனைந்தது. கட்டிலில் பரவி, டைல்ஸில் சொட்டியது.

இருபத்திரண்டு பேரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. அவர்களுக்கு அதில் புதுசாக ஒன்றும் இல்லை.

செல்வராஜ் எழுந்தார். கட்டிலுக்கு அருகே மண்டியிட்டு, அடியில் கையை விட்டார். நாலு முடிச்சும் நாலு இழுப்பில் அவிழ்ந்தன. அந்தத் துணியைக் கையில் பிடித்து ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா முடிச்சு இது? கட்டத் தெரியாத பய கட்டி கீறான்” என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிறகு தன் பெட்டியைத் திறந்து ஒரு நீலக் கட்டம் போட்ட லுங்கியை எடுத்து வந்து நீட்டினார். “கட்டிக்க சார். தோச்சதுதான்.”

இவர் லுங்கியை வாங்கிக்கொண்டார். செல்வராஜின் கையைப் பிடித்து, சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றிப் பார்த்தார். அங்கே இருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை.

அலுவலகச் சட்டை, இரண்டு பேனா, அடையாள அட்டை, கீழே லுங்கி. அந்தக் கோலத்தில் ஸ்கூட்டரில் திரும்பி வந்தார். எண்ணூரில் நெரிசலில் நின்றபோது ஒரு லாரி டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “இன்னா சார், வூட்ல சண்டையா?” என்றார். “ஆமாம்பா, பெரிய சண்ட” என்றார் இவர்.

அன்று மாலையே அறிக்கை எழுதினார். அதன் சில வரிகள் எனக்கு மனப்பாடம்: ‘முற்பகல் 11.40 மணிக்குச் சிறுநீர் கழிக்க வேண்டும் எனக் கோரினேன். பணியாளர் எவரும் வரவில்லை. பிற்பகல் 12.25 மணிக்கு எனது உடை நனைந்தது. இவ்வில்லத்தில் தங்கியிருப்போருக்கு இது அன்றாட நிகழ்வு என அறிகிறேன்.’

மேலதிகாரி அறிக்கையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், அதுவும் நனைந்திருப்பது போல.

“என்னய்யா இது, கதையா? ஆம், இல்லை, அவ்வளவுதான் எழுதணும். கழிவறை உள்ளதா?”

“கீது சார்.”

“அப்போ ஆம்!”

“போவ வுட மாட்டேன்றான் சார்.”

“அதுக்குக் கேள்வி இல்லையே!”

இவர் அறிக்கையை மாற்றிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மறுநாள் அறக்கட்டளையிலிருந்து ஒரு புகார் வந்தது: ஆய்வு அலுவலர் மனநிலை சரியில்லாதவர் போல நடந்துகொண்டாராம், கட்டிலை அசுத்தம் செய்தாராம். அதை வைத்து இவருக்கு ஒரு மெமோ. அரசுப் பணியாளரின் கண்ணியத்துக்குக் குந்தகம் விளைவித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். ஆட்களைக் கட்டிப்போட்டவனுக்கு மெமோ இல்லை. கட்டுண்டு கிடந்தவருக்கு மெமோ. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இவர் மெமோவைப் படித்துவிட்டு, மேலதிகாரியின் அறைக் கதவைத் திறந்து நின்றபடியே சொன்னார். மொத்த அலுவலகத்துக்கும் கேட்டது.

“எனுக்கு மனநெல சரி இல்லன்னா அந்த வூட்லயே சேத்து வுட்ருங்க சார். நீங்கதான் லைசென்ஸ் குடுக்கப் போறீங்க இல்ல, நல்ல எடமாதான் இருக்கும்!”

அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். அன்று மதியம் மேலதிகாரி அந்தப் படிவத்தை என்னிடம் தந்தார். “ஏத்திடும்மா. எல்லாம் ஆம்.”

என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்த வேலை, வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகள். ஐம்பத்தேழுக்கும் ஆம் போட்டேன். முப்பத்தோராவது கேள்வியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அதற்கும் போட்டேன். கடைசியில் இணையதளம் புகைப்படம் கேட்டது. அலுவலர் இல்லத்துக்குள் இருக்கும் படம். கட்டாயம்.

என் போனில் அத்திப்பட்டில் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கைகால் நாலும் கட்டப்பட்டு, கண்ணை மூடிக்கிடக்கும் ஆய்வு அலுவலர். கீழே நாள், நேரம், இடம். ‘ஏற்றிய பின் மாற்ற இயலாது. தொடரலாமா?’ என்று திரை கேட்டது. ஐம்பத்தெட்டாவது ஆம் போட்டேன். அந்தப் படிவத்தில் யாரும் சொல்லாமல் நானாகப் போட்ட ஒரே ஆம்.

இரண்டாம் நாள் மேலேயிருந்து போன் வந்தது. அதற்கடுத்த நாள் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு குழு நேராக அத்திப்பட்டுக்குப் போனது. வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட யாருக்கும் விஷயம் தெரியாததால், அங்கே ஒன்பது பேர் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். இல்லத்தை மூடினார்கள். இருபத்திரண்டு பேரையும் வெவ்வேறு இடங்களில் சேர்த்தார்கள். செல்வராஜ் விம்கோ நகரில் காசியம்மாவிடம் போனார்.

நியாயம் ஜெயித்தது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அந்த அறக்கட்டளை வேறு பெயரில் வேறு இடத்தில் பலகை மாட்டியிருப்பதாகக் கேள்வி. மேலதிகாரி அதே நாற்காலியில் இருக்கிறார். மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை. விடுப்பு முடிந்து வந்தவரை, ஓய்வு பெறும் வரைக்கும் பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. இப்போது எம்.கே.பி. நகரில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன்; இந்த வாரப்பத்திரிகையில் பத்தியும் எழுதுகிறேன். அந்த ஐம்பத்தேழு கேள்விகளில் ஒன்றுகூட மாறவில்லை.

வேலை போன அன்று அவரைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்வார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்திருக்கக் கூடாது.

“இன்னா போட்டோ அது? தொந்தி மட்டும்தான் தெரிது. கண்ணு வேற மூடிகினு கீது. செத்துட்டேன்னு நெனச்சிருப்பாங்க மேல.”

“சார், அந்தப் படத்தாலதான்…”

“அது சரி. ஆம் எதுக்குப் போட்ட? அம்பத்தேயுக்கும்?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். டீ கொண்டுவரச் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

இப்போது ஓய்வு பெற்று ராயபுரத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குப் போன் வரும். குப்பை வண்டி வரவில்லை, பேருந்துப் படிக்கட்டு வயசானவர்கள் ஏற முடியாத உயரத்தில் இருக்கிறது, மருந்துக்கடைக்காரன் சீட்டைப் படிக்காமல் மாத்திரை கொடுக்கிறான், நான் போன வாரம் எழுதிய பத்தியில் பாதி டூப்பு. அரை மணி நேரம் திட்டுவார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பேன். நல்லா இருக்கியா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஏதாவது ஒரு ஞாயிறு பத்தேகால் ஆகியும் போன் வராவிட்டால், எனக்கு வெங்காயத்தில் கை ஓடாது. நானே கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன்:

“இன்னா சார், இன்னிக்கு யார் மேலயும் கோவம் வர்லியா?”